ஷூ கம்பெனி பஸ் போன பிறகு வீட்டில் யார்?

காலையில் ஷூ கம்பெனி பஸ் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், ஆம்பூர், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் மாலைவரை இருப்பவர்கள் வயதானவர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் என்றால், எந்த இல்லத்தில் சேர்ப்பது என்று பிள்ளைகள் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன், அது மறதி நோய்தானா என்று உறுதி செய்ய வேண்டும்.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 65 வயதைக் கடந்த 1,000 பேரை சிஎம்சி மருத்துவமனையின் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் குழுவினர் ஆராய்ந்தார்கள். 2007-ல் வெளியான முடிவு திகைக்க வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அளவுகோலில் 0.8 சதவீதம் பேருக்குத்தான் நோய். பள்ளிக்கூடம் போகாதவர்களையும் மனதில் வைத்து உருவான ‘10/66’ அளவுகோலில் 10.6 சதவீதம். அமெரிக்க அளவுகோல், அன்றாட வேலைகள் தடைபடுகின்றனவா என்று பார்க்கிறது. நம் வீட்டில் மருமகள் தட்டில் சோறு வைக்கிறாள், பேரன் ரேஷன் வாங்கி வருகிறான். பாட்டியால் முடியவில்லை என்பது வெளியே தெரிவதே இல்லை. ‘வயசானா மறக்கத்தான் செய்யும்’ என்று வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இந்தத் தாமதம் ஆபத்தானது. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டதால் உறைந்த ரத்தம் ஆகியவையும் மறதி நோய் போலவே தெரியும். இவற்றுக்கு சிகிச்சை உண்டு. வேலூர் சிஎம்சியில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கிறது. சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்குவது நெடுங்கால வழக்கம். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குடும்பமும் அங்கே கற்றுக்கொள்கிறது.

நோய் உறுதியானாலும் எல்லோருக்கும் இல்லம் தேவைப்படாது. பலருக்குப் பகலில் துணை கிடைத்தாலே போதும். பெண்கள் அதிகம் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. தோல் நிறுவனங்கள் சேர்ந்து ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முதியோர் பகல் காப்பகம் நடத்த வேண்டும். இந்தத் தொழிலைத் தாங்குவது இந்தப் பெண்களின் கைகள்தான்.

வீட்டில் சமாளிக்கவே முடியாத நிலை வந்தால், சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் டெம்கேர்ஸ், பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளையின் மையங்கள் போன்றவை இந்நோய்க்கென்றே இயங்குகின்றன. பக்கத்து ஊர் முதியோர் இல்லம் என்றால், மறதி நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? எழுந்து வெளியே நடப்பவரைக் கட்டிப்போடுவார்களா, தூக்க மருந்து கொடுப்பார்களா, கூட நடப்பார்களா? நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழி மட்டும் மிஞ்சுவதுண்டு. உருது பேசும் ஆம்பூர் அம்மாவுக்கும் தெலுங்கு பேசும் பேரணாம்பட்டுத் தாத்தாவுக்கும் அந்த மொழி தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பலருக்குக் குழப்பம் கூடுவது அப்போதுதான்.

இல்லம் பதிவு பெற்றதா என்பதை மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் போக வேண்டியது திருப்பத்தூர் அலுவலகத்துக்கு. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.