கிரகணமும் குழந்தையின் கண்ணும்

2019 டிசம்பர் 26 அன்று காலை, கோயமுத்தூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் கங்கணமாகத் தோன்றிய சூரியன், அக்கங்கண கிரகணப் பாதைக்கு வடக்கே ஒதுங்கிய ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பிறையாகவே காட்சியளித்தான். அப்பிறையை வெறுங்கண்ணால் பார்ப்பது ஏன் அபாயம்? விழிவில்லை சூரிய கிரணங்களைக் குவித்துச் செலுத்துகிற விழித்திரைக்கு வலியுணரும் நரம்பு இல்லாமையால், அது வெந்துகொண்டிருக்கும்போதும் குழந்தை யாதொரு வேதனையுமின்றிப் பார்த்துக்கொண்டே நிற்கும். ஒளி குறைந்திருப்பதால் கண் கூசுவதும் குறையும், ஆனால் எஞ்சிய பிறையின் ஒவ்வொரு புள்ளியும் முன்போலவே சுடும்.

பட்டறைகள் மலிந்த ஓசூரில் வெல்டிங் கண்ணாடி எளிதில் அகப்படும் என்பதே ஒரு சங்கடம்: 14ஆம் எண் கண்ணாடி தகும், அன்றாட வேலைக்குரிய 10, 11 ஆகியவை போதா. எக்ஸ்ரே பிலிமும், நம் பாட்டிமார் நம்பிய மஞ்சள்நீர்த் தாம்பாளமும் அவ்வாறே.

குழந்தைகளுக்கு உகந்த உபாயம், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அட்டையில் குத்திய ஊசித்துளை வழியே ஒளியை வெள்ளைத்தாளில் விழச்செய்வதாகும். இடைவெளி ஒரு மீட்டரானால் பிம்பம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருக்கும். அட்டையில்லாதவர் புங்கமர நிழலுக்குப் போகலாம். இலையிடுக்குகளே தரையெங்கும் பிறைகளை இறைத்திருக்கும். துளையினூடே சூரியனை நோக்குவது இம்முறையன்று என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துளையைக் கண்டால் கண்ணை வைப்பது பிள்ளைகளின் சுபாவமல்லவா?