கம்பு எப்போது கைக்கு வரும்?

தாம்பரத்தில் செங்கற்பட்டு ரயிலைப் பிடித்தால் பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். இருபது பிள்ளைகள் வெறுங்காலுடன் மண்ணில் முன்னும் பின்னும் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பெண் குழந்தைகள். யார் கையிலும் கம்பு இல்லை!

'சிலம்ப வகுப்பு என்றல்லவா சொன்னார்கள்?' என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், ஓர் அம்மாள் வாத்தியாரிடம் கேட்டே விட்டாள்.

"ரெண்டு மாசமா என் பொண்ணு நடந்துகிட்டே இருக்காளே, மாஸ்டர்! கம்பு எப்போ தருவீங்க? சர்ட்டிபிகேட் எப்போ கிடைக்கும்?"

வாத்தியார் சிரித்தார். "கால் படிஞ்சதும் தரேம்மா. இப்பவே கொடுத்தா அடி எதிராளி மேல விழாது. அவ முழங்கால்லயே விழும்."

வேடிக்கைப் பேச்சு அல்ல இது. சிலம்பக் கம்பு ஏறக்குறைய ஆளின் நெற்றி உயரம் இருக்கும். அத்தனை நீள மூங்கிலைச் சுழற்றுகிறவருக்கு வேகம் மணிக்கட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. பாதம் மண்ணில் ஊன்ற, இடுப்பு திரும்ப, தோள் வழியாகக் கைக்கு வந்து சேருகிறது. ஆகவேதான் காலடி முதல் பாடம். தோளுக்குக் கர்லாக்கட்டை, மார்புக்கும் கைக்கும் தண்டால், தொடைக்கு பஸ்கி. கர்லாக்கட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றி முன்னே இறக்கும்போது தோள் மூட்டு எல்லாப் பக்கமும் இளகிக் கொடுக்கிறது. பழைய போட்டிகளில் கம்பு முனையில் வண்ணப் பொடி தடவி, எதிராளியின் உடம்பில் விழுந்த பொட்டுக்களை எண்ணுவது உண்டாம். அதிகப் பொட்டு வாங்கியவர் தோற்றவர்!

பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் ஒரு கம்பு வித்தை இருக்கிறது. அர்னிஸ் என்று பெயர். 2009-இல் சட்டம் இயற்றி அதைத் தேசியத் தற்காப்புக் கலையாக்கினார்கள். கைநீளப் பிரம்புதான் அங்கே கம்பு. இரண்டு கையிலும் இரண்டு பிரம்பை வைத்துக்கொண்டு, எதிரில் நிற்பவரோடு மாற்றி மாற்றித் தட்டும் பயிற்சிக்குச் 'சினவாலி' என்பார்கள். மூங்கில் தட்டி முடைவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அங்கே பெரும்பாலும் முதல் நாளே கையில் பிரம்பு. வெறுங்கைப் பாடம் பிறகு. நம் வாத்தியாருக்கு அது தலைகீழ். ஆனால் அங்கேயும் தரையில் முக்கோணம் வரைந்து, அதன் கோடுகளின் மேல் கால் பழக்குகிறார்கள். காலை மறந்த கம்பு எந்தத் தேசத்திலும் இல்லை போலிருக்கிறது!

சர்ட்டிபிகேட் கேட்ட அம்மாள் மீதும் தவறில்லை. அரசாங்க வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவிகித ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்ப்பதாகத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெண்ணுக்கு ஒரு வழி பிறக்காதா என்று எந்தத் தாய்தான் ஏங்கமாட்டாள்? சிவகங்கைச் சீமையை 1780-இல் மீட்ட ராணி வேலு நாச்சியாரும் சிலம்பம் பழகியவர் என்றே நம் ஊரில் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் மூன்று மாதத்தில் காகிதம் கிடைத்துவிடலாம், கால் கிடைக்காது. அவசரமாகக் கம்பைக் கொடுத்துக் கூட்டத்தின் கைதட்டலுக்குச் சுழற்றக் கற்பித்துவிட்டால், எதிரே ஆள் வந்து நிற்கும் நாளில் பிள்ளை திகைத்துப் போவாள். வாத்தியாரின் கவலை அதுதான்.

அந்த அம்மாள் பதில் பேசாமல் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள். மகள் வலது காலை முன்வைத்து, உடம்பைத் திருப்பி, இடது காலைப் பின்னே இழுத்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் ஒரு ஜோடிச் செருப்பு தனியாகக் கிடந்தது. புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், அம்மாளும் வலது காலை முன்னே வைத்துக்கொண்டிருந்தாள்!