அமுக்க விகித உயர்வு

அமுக்க விகித உயர்வு என்பது, உள் எரி பொறியின் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை அமுக்கப்படும் அளவை மிகுதிப்படுத்தி, அப்பொறியின் திறனைக் கூட்டும் முறையாகும். டர்போ சார்ஜர், சூப்பர் சார்ஜர் போன்ற கருவிகளால் கூடுதல் காற்றை உள்ளே திணிப்பது இதற்கு மாற்று வழியாகும். முன்னது உள்ளே வந்த காற்றிலிருந்து கூடுதல் பயன் பெறுகிறது. பின்னது காற்றின் அளவையே கூட்டுகிறது. இவ்வேறுபாடு மலைச்சாலைகளில் தெளிவாகப் புலப்படும்.

கணக்கீடு

பிஸ்டன் கீழ்முனையில் இருக்கும்போது உருளையில் உள்ள கன அளவை, அது மேல்முனையில் இருக்கும்போது எஞ்சும் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம் ஆகும். 100 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஒற்றை உருளைப் பொறியில் எஞ்சும் இடம் 12.5 கன செ.மீ. எனில் விகிதம் 9:1. அதை 10 கன செ.மீ. ஆகக் குறைத்தால் 11:1 ஆகிவிடும். இரண்டரை கன செ.மீ. என்பது அரைத் தேக்கரண்டி அளவுதான். மேடான தலையுடைய பிஸ்டனைப் பொருத்துதல், உருளைத் தலையின் அடிப்பகுதியை இழைத்தல், மெல்லிய கேஸ்கெட் இடுதல் ஆகியவற்றால் இது செய்யப்படுகிறது.

ஓட்டோ சுழற்சியின் கோட்பாட்டுக் கணக்குப்படி 9:1 விகிதத்தில் வெப்ப வினைத்திறன் 58.5 விழுக்காடு; 11:1 இல் 61.7 விழுக்காடு. உண்மைப் பொறிகள் இந்த அளவை எட்டுவதில்லை. எனினும் ஒப்பீட்டளவில் சுமார் 5 விழுக்காடு ஆதாயத்தை எதிர்பார்க்கலாம். விகிதம் கூடக்கூட ஆதாயம் சுருங்கும்.

போடிமெட்டுச் சாலை

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், அதனை அடுத்த சிலமலை ஆகிய ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளன. இப்பகுதித் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வர். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடையும் போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரமுடையது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் உள்ளதைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. எனவே டர்போ இல்லாத பொறி ஏறக்குறைய அதே விகிதத்தில் திறனை இழக்கும்.

மேற்கண்ட கணக்கின்படி, விகிதத்தை 9 இலிருந்து 11 ஆக்கினால் இவ்விழப்பில் பாதிதான் ஈடாகும். டர்போவோ வெளியேறும் புகையின் ஆற்றலால் சுழன்று, மெலிந்த காற்றை அடர்த்தியாக்கித் தருவதால் இழப்பு முழுவதையும் ஈடுசெய்ய வல்லது.

டீசல் பொறி இதில் வேறுபட்டது. அமுக்கத்தால் எழும் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால் அதன் விகிதம் முன்னரே 16:1 அல்லது அதற்கு மேல் இருக்கும். மேலும் உயர்த்துவதில் பயனில்லை. டர்போ பொருத்தும்போது விகிதத்தைச் சற்றுக் குறைப்பதே வழக்கம். டர்போ இல்லாத பழைய டீசல் வண்டிகள் ஏற்றத்தில் கரும்புகை கக்குவதற்கு, காற்று குறைந்தும் எரிபொருள் குறையாமல் பாய்வது ஒரு காரணமாகும்.

தட்டல்

பெட்ரோல் பொறியில் இம்முறைக்கு எல்லை வகுப்பது தட்டல் ஆகும். மெக்கானிக்குகள் இதனை நாக்கிங் என்பர். தீச்சுடர் சென்று சேருமுன்பே மிஞ்சியிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடிப்பதே தட்டல். தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டன் தலை அரிக்கப்படும், வளையங்கள் உடையும், கேஸ்கெட் கிழியும். பாரமேற்றிய வண்டி, குறைந்த சுழற்சி வேகம், முழுதும் திறந்த திராட்டில், சூடேறிய பொறி ஆகியவை தட்டலுக்கு மிகவும் ஏற்ற சூழல். கொண்டை ஊசி வளைவில் திரும்பி ஏறும் வண்டியின் நிலையும் இதுவே.

உயரத்தில் அழுத்தம் குறைவதால் தட்டல் சற்றுத் தணியும். ஆனால் மலைக்கென்று விகிதம் உயர்த்தப்பட்ட பொறி, அடர்ந்த காற்றும் கோடை வெயிலும் உள்ள போடிக்கு இறங்கி வந்ததும் தட்டத் தொடங்கும். முதல் உலகப் போர்க்காலச் செருமானிய வானூர்திப் பொறியான பி.எம்.டபிள்யூ. 3ஏ (1917) இச்சிக்கலை எதிர்கொண்டது. சூப்பர் சார்ஜர் இல்லாமலே உயரத்தில் திறன் காக்கும் பொருட்டு அதன் விகிதம் மிகையாக வைக்கப்பட்டது. எனவே தாழ்வாகப் பறக்கையில் திராட்டிலை முழுதும் திறப்பது தவிர்க்கப்பட்டது.

எரிபொருளும் குளிரூட்டலும்

தட்டலைத் தாங்கும் ஆற்றல் ஆக்டேன் எண்ணால் குறிக்கப்படுகிறது. இந்தியாவில் 2020 இல் நடைமுறைக்கு வந்த பி.எசு. 6 தரத்தின்படி சாதாரண பெட்ரோலுக்கு இவ்வெண் 91. எத்தனாலின் எண் ஏறத்தாழ 108 என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் அது 95 ஆக உயர்கிறது. எனினும் எத்தனாலின் வெப்ப ஆற்றல் குறைவு. உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்தும் அளவுக்கு விகிதம் கூட்டப்படாத பழைய பொறிக்கு இதில் இழப்பே மிஞ்சும்.

சென்னையின் ராயல் என்பீல்டு நிறுவனத்தின் இமாலயன் 411 பொறியின் விகிதம் 9.5:1. அதன்பின் 2023 இல் வெளிவந்த இமாலயன் 450 இல் அது 11.5:1 ஆயிற்று. திறன் சுமார் 24 குதிரைத்திறனிலிருந்து 40 ஆக உயர்ந்ததற்கு விகிதம் மட்டும் காரணமன்று. நான்கு வால்வுகளும் உயர் சுழற்சி வேகமும் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆனால் நீர்வழிக் குளிரூட்டலுக்கு மாறியது, 11.5 என்ற விகிதத்தைத் தட்டலின்றித் தாங்க உதவியது. சப்பானின் மாசுடா நிறுவனம் சுகைஆக்டிவ்-சி பொறியில் டர்போ இன்றியே 14:1 வரை சென்றது. உருளையில் தங்கிவிடும் சூடான புகையை வெளியேற்றும் வகையில் நீண்ட புகைக் குழாய்களை அமைத்தே இது இயன்றது.