மீன் சாகவில்லை என்றால் தண்ணீர் நல்லதா?

வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்ததும் மிஞ்சிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறோம். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், மக்கிய பாச்சை உருண்டை எல்லாம் இப்படித்தான் வாய்க்காலுக்குப் போய்ச் சேர்கின்றன. "எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து ஆவியாகிவிடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது" என்று பலர் நினைக்கிறார்கள். இது பாதி உண்மைதான்.

கரையாது என்று நாம் சொல்லும் பொருளும் கொஞ்சம் கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் பென்சீன் சுமார் 1,800 மில்லிகிராம், டொலுயீன் சுமார் 500, பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் சுமார் 30 மில்லிகிராம் கரையும். முதல் இரண்டும் பெட்ரோலில் இருப்பவை. கரைந்த இந்தச் சிறு அளவுதான் செவுள் வழியாக மீனுக்குள் போகிறது. இவை கொழுப்பில் எளிதாகக் கரைவதால், தண்ணீரில் இருப்பதைவிட மீனின் உடலில் அதிகமாகச் சேர்கின்றன.

ஒரு இரசாயனம் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சா என்று அறிய, ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த சோதனைகள் உள்ளன. பாசியை 72 மணி நேரமும், நீர்த்தெள்ளை 48 மணி நேரமும், மீனை 96 மணி நேரமும் மருந்து கலந்த நீரில் வைத்துப் பார்ப்பார்கள். மீன்களில் பாதி எந்த அளவில் இறக்கின்றன என்று கணக்கிடுவார்கள்.

கரையாத, ஆவியாகும் பொருள்களில் இந்தக் கணக்கு எளிதில் தவறிவிடும். ஒரு லிட்டர் நீரில் 100 மில்லிகிராம் நாப்தலீனைப் போட்டால் சுமார் 70 மில்லிகிராம் கரையாமலே கிடக்கும். தொட்டி திறந்திருந்தால் கரைந்ததும் காற்றில் போய்க்கொண்டே இருக்கும். நான்காம் நாள் மீன் உயிரோடு இருந்தால், "100 மில்லிகிராமுக்கும் ஆபத்தில்லை" என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த மீன் அவ்வளவு நஞ்சைச் சந்திக்கவே இல்லை. மாறாக, மிதக்கும் எண்ணெயில் நீர்த்தெள் ஒட்டிக்கொண்டு அசையாமல் போனால், அதை நஞ்சின் வேலை என்று தவறாக எண்ணவும் இடமுண்டு.

ஆகவே ஆய்வாளர்கள் காற்றுக்கு இடம் விடாமல் பாத்திரத்தை நிரப்பி மூடுகிறார்கள். எண்ணெயையும் நீரையும் மெதுவாகக் கலக்கி, தெளியவிட்டு, அடியிலுள்ள நீரை மட்டும் எடுக்கிறார்கள். மூடிய பாத்திரத்தில் மீனுக்கு ஆக்சிஜன் குறையும் என்பதால் பெரிய பாத்திரத்தில் சிறிய மீன்களை விடுகிறார்கள், அல்லது புதிய கரைசலை இடைவிடாமல் ஓடவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீரில் உள்ள அளவைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்கிறார்கள். அது 20 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், ஊற்றிய அளவை விட்டுவிட்டு அளந்த அளவையே கணக்கில் கொள்கிறார்கள்.

நம் வீட்டுக்கு இதில் பாடம் உண்டு. குளம் திறந்த தொட்டி போன்றது. வாசனை போய்விட்டால் பொருளும் போய்விட்டது என்று பொருளல்ல. மூடிய கிணற்றிலும் நிலத்தடி நீரிலும் ஆவியாக வழி மிகக் குறைவு.

• பிரஷ் கழுவிய தின்னரை மூடிய பாட்டிலில் தெளியவிட்டு மீண்டும் பயன்படுத்துங்கள்.
• பழைய என்ஜின் ஆயிலை மெக்கானிக் கடையில் கொடுங்கள்.
• மீன் வாழும் குளத்திலோ பள்ளிவாசல் ஹவுளிலோ கொசுவுக்காக மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.
• கிணற்று நீரில் பெட்ரோல் வாசனை வந்தால் குடிக்காதீர்கள், கொதிக்க வைக்காதீர்கள். ஆவி அடுப்படியில் பரவும். அருகில் நெருப்பும் வேண்டாம். ஊராட்சி அல்லது நகராட்சிக்கு உடனே தெரிவியுங்கள்.