சோழகம் வீசும் மாதங்களில்
நெடுங்கேணியிலிருந்து நிலாவெளிக்கு ஒரு கடற்கரை விடுமுறை: எப்போது, எந்த வழி, எந்த நேரம்?

வவுனியா மாவட்டத்துக்குக் கடல் இல்லை. வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் இயங்கும் நெடுங்கேணியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குளம்தான். அணைக்கட்டு, துருசு, தாமரை இலை, மாடு குளிப்பாட்டும் துறை. கடல் என்பது ஒட்டுசுட்டானைத் தாண்டி முல்லைத்தீவு வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒன்று.

ஆண்டுதோறும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இந்த ஊர்களின் கலகலப்பு கூடிவிடும். இங்கே பள்ளி விடுமுறை. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறி வாழும் உறவுகளுக்குக் கோடை விடுமுறை. நல்லூர்த் திருவிழாவும் அந்த நாட்களையொட்டியே வரும். கோயில், கலியாணவீடு, காணி அலுவல் எல்லாம் ஒரு பாடாக முடிந்த பிறகு விறாந்தையில் ஒரு கேள்வி எழும்: பிள்ளைகளைக் கடலுக்கு எங்கே கூட்டிப்போவது?

வெளிநாட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் காட்டுவது பெரும்பாலும் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் படங்கள்தான். படம் பொய்யில்லை, மாதம்தான் பொருந்தாது. அவை மார்கழி, தை மாதக் கடலின் படங்கள். ஓகஸ்டில் அதே கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அலையைத் தூக்கி அடிக்கும். இலங்கையில் கடற்கரை விடுமுறைக்கு முதலில் தெரியவேண்டியது விடுதியின் பெயரல்ல, காற்றின் பெயர்.

காற்றைப் பார்த்து நாள் குறித்தல்

மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை வடக்கில் சோழகம் என்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் மேற்கிலிருந்து வரும் வெப்பக்காற்றுக்குக் கச்சான் என்று பெயர். அந்தக் காற்று தன் ஈரத்தை மேற்குச் சரிவுகளிலும் மலைநாட்டிலும் மழையாகக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறிக் கிழக்கே இறங்குகிறது. கிழக்குக் கரைக்கு அது தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று. அதனால் கரையோரத்தில் அலை எழுவது குறைவு. நிலாவெளியில் காலைக் கடல் குளம்போலக் கிடக்கும். கடலைப் படுக்கவைக்கும் அதே காற்றுத்தான் பகலைக் கொதிக்கவும் வைக்கிறது. இந்த மாதங்களில் திருகோணமலையின் பகல் வெப்பநிலை 33, 34 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். விடுமுறைத் திட்டம் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் அமையவேண்டும்.

ஒக்டோபர் பிறந்தால் நிலைமை தலைகீழ். திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் விழுகிறது. புயல்களும் அப்போதுதான். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரேவிப் புயல் கரையேறியது முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட இதே கரையில்தான். நத்தார் விடுமுறைக்கு வருகிறவர்கள் கிழக்கை விட்டு, மேற்கையோ தெற்கையோ பார்ப்பதே முறை.

நாள் குறிப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு. குளிர்நாட்டிலிருந்து வரும் உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று, இரண்டு கிழமை எடுக்கும். ஆகவே விமானத்தால் இறங்கிய மறுநாளே கடற்கரைக்கு ஓடாமல், முதல் கிழமையை நெடுங்கேணி வீட்டு மாமர நிழலில் கழித்துவிட்டு, இரண்டாம் கிழமையில் பயணத்தை வைப்பது நல்லது. பிள்ளைகளின் உடம்பும் வயிறும் அதற்குள் ஊருக்குப் பழகியிருக்கும்.

எந்தக் கரை?

கிட்டத்தில் இருப்பது முல்லைத்தீவு. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலையும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலையும் கும்பிட்டு, கடற்கரையில் நின்று, மாலை வீடு திரும்ப ஒரு நாள் போதும். கரைவலை இழுக்கும் காலையில் போனால் பிள்ளைகள் வாழ்நாளில் மறக்காத காட்சி கிடைக்கும். ஆனால் நாலைந்து நாள் தங்கி, கடலில் இறங்கி, சுற்றியும் பார்க்கவேண்டும் என்றால் விடுதிகளும் படகுகளும் பார்வையிடங்களும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது திருகோணமலைக்கு வடக்கேயுள்ள உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில்தான்.

இன்னும் தெற்கே போனால் பாசிக்குடா. மிகச் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே பொருத்தம். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத விரிகுடா அது. முன்பு திருகோணமலையிலிருந்து கரையோரமாகத் தெற்கே போகவேண்டுமானால் பாதைப் படகில் ஏறி நீர்நிலைகளைக் கடக்கவேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்துக்குப் பிறகு அந்த வழி இலகுவாகிவிட்டது.

வரைபடத்தில் முல்லைத்தீவிலிருந்து நிலாவெளிக்கு ஒரு நேர்கோடு தெரியும். அதை நம்பிக் கிளம்பக்கூடாது. கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரம் குறுக்கே கிடக்கிறது. நெடுங்கேணியிலிருந்து புளியங்குளத்துக்கு வந்து, ஏ-9 வீதியில் வவுனியா, அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை என்பதே வழக்கமான பாதை. வழியில் காட்டுப் பகுதிகள் உண்டு. யானை இறங்கும் நேரம் அந்தி. காலை வெள்ளாப்பில் ஹயஸ் வான் கிளம்பிவிட்டால் யானைப் பயமும் குறைவு, வெயிலுக்கும் முந்திக்கொள்ளலாம்.

வெயிலோடு போடும் கணக்கு

இலங்கையில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வரும். திருகோணமலைக்கு அது ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். அந்த நாட்களில் நண்பகலில் நின்றால் ஒருவரின் நிழல் அவர் காலடியிலேயே சுருண்டுகிடக்கும். விடுமுறைக்காலம் அதையொட்டியே வருவதால், பகலை மூன்றாகப் பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை வெளியே. பத்திலிருந்து மூன்றரை வரை கூரைக்குக் கீழே: சாப்பாடு, நித்திரை, கடுதாசி விளையாட்டு. நாலு மணிக்குப் பிறகு மறுபடி வெளியே. கிழக்குக் கரையில் சூரியன் எழுவது கடலில், விழுவது தரைப் பக்கம். அதனால் மாலை நாலரைக்கெல்லாம் தென்னைகளின் நிழல் மணலில் நீண்டுவிடும். பிள்ளைகளைக் கடலில் இறக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

தலைக்குத் தொப்பி, கைநீளச் சட்டை, வியர்த்தபின் இளநீர் அல்லது உப்பிட்ட மோர். பையில் கரைத்துக் குடிக்கும் உப்புக்கரைசலான ஜீவனி நாலைந்து பக்கெற். இவை கிடந்தால் பெரும்பாலான வெப்பத் தொல்லைகளைச் சமாளிக்கலாம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. டெங்கு இன்னும் உண்டு. அந்த நுளம்பு பகலில் கடிப்பது என்பதால், மத்தியான நித்திரைக்கும் வலை வேண்டும்.

ஒரு நாளைக்கு ஓரிடம்

பயணங்கள் கெடுவது பெரும்பாலும் பட்டியல் நீளும்போது. நிலாவெளியில் ஒரே விடுதியில் நாலு இரவு தங்கி, ஒரு நாளைக்கு ஓரிடம் என்று போவதே இந்த வெப்பத்துக்குத் தாங்கும்.

முதல்நாள் வழியிலேயே கன்னியா வரும். சதுரமாகக் கட்டிய ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. இறங்கி நீந்த முடியாது, அள்ளிக் குளிக்கலாம். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். அந்தியேட்டிக்குத் தமிழர்கள் வரும் இடம். ஆகவே அங்கே உல்லாசக் குளிப்பின் கூச்சல் பொருந்தாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவைக்கவேண்டும். அதே சுற்றாடலில், பெரியகுளத்தருகே, வில்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி இது. அங்குள்ள 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகளைப் பதிந்துவைத்திருக்கின்றன. தமிழ்ப் பௌத்தம் என்று புத்தகத்தில் படித்ததைக் கல்லில் காட்ட இதைவிட நல்ல இடம் அரிது.

இரண்டாம் நாள் புறாத்தீவு. நிலாவெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கிடக்கும் இரண்டு சிறு தீவுகள். மாடப்புறாக்கள் கூடுகட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாலே பவளமும் நிறமீன்களும் தெரியும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் வந்துபோகும். ஆளைக் கண்டால் அவைதான் விலகும். காலையில் முதல் படகுகளில் போகிறவர்களுக்குத் தெளிந்த தண்ணீரும் நெரிசலில்லாத கரையும் கிடைக்கும்.

இந்தப் பவளத்தை மிதிக்காமல் திரும்புவது பெரிய பொறுப்பு. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இலங்கைக் கரைகளின் பவளங்கள் வெளிறிப்போயின. தப்பியவை மீண்டு வளரப் பல ஆண்டுகள் வேண்டும். ஒரு குதிகால் போதும் அவற்றை உடைக்க. நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு அங்கியோடு மிதப்பதும், தோலில் வெயில் தடுப்புக் களிம்பை அப்பிக்கொள்வதற்குப் பதில் கைநீளச் சட்டையோடு இறங்குவதும் ஆளுக்கும் பவளத்துக்கும் நல்லது.

மூன்றாம் நாள் திருகோணமலை நகரில் கடலோரப் பாறைமேல் நிற்கும் கோணேசர் கோயில். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறையடிக் கடலில் மூழ்கியபோது, விழுந்த கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் ஆழத்தில் கிடப்பதைக் கண்டார்கள். இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அந்தக் கோட்டையின் வாசலுக்குள் நுழைந்ததும் புள்ளிமான்கள் எதிர்ப்படும். மேலே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு. வெறுங்காலோடு நடக்கும் கல்தரை மத்தியானத்தில் பொரிக்கும் என்பதால் காலைப் பூசையோ மாலைப் பூசையோதான் சரி. கடற்கரை உடுப்போடு அங்கே போகலாகாது. வேட்டி, சேலை, முழுக்காற்சட்டை தனிப்பையில் இருக்கட்டும்.

விடுதிக்குத் திரும்பும் நிலாவெளி வீதியில் உலகப்போர் மயானம் ஒன்று உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. பள்ளியில் வரலாறு படிக்கும் பிள்ளைகளை அரைமணி நேரம் அங்கே நிறுத்தலாம்.

நாலாம் நாள் சும்மா இருக்க. மனம் கேட்காதவர்கள் விடியற்காலையில் திமிங்கலம் பார்க்கப் படகெடுக்கலாம். மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை நீலத் திமிங்கலங்கள் இந்த ஆழ்கடலுக்கு வருகின்றன. காண்பது உறுதியில்லை என்று படகுக்காரரே சொல்வார்; அப்படிச் சொல்கிறவரை நம்பிப் போகலாம்.

செலவு

ஓகஸ்டில் விடுதிகள் நிரம்பிவிடும். 15ஆம் திகதி மடுத் திருவிழா என்பதால் வவுனியாப் பக்கத்தில் ஹயஸுக்கும் தட்டுப்பாடு வரலாம். இரண்டையும் யூனிலேயே சொல்லிவைப்பது நல்லது. புறாத்தீவில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பலமடங்கு கூடிய கட்டணம். ஒரே குடும்பத்தில் அக்காவிடம் தேசிய அடையாள அட்டையும் தங்கையிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் இருந்தால் கணக்கு அப்படியே மாறும். படகுக்கூலி படகுக்கு என்பதால் ஆட்கள் சேர்ந்து போனால் மலிவு. எல்லாவற்றையும் கிளம்புமுன் பேசி, செலவை யார் ஏற்பது என்று வெளிப்படையாக முடிவெடுத்துவிட்டால் பயணத்தில் முகம் கறுக்காது.

குளத்து நீச்சல் வேறு, கடல் வேறு

குளத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்திய இளைஞர்களுக்குக் கடலில்தான் ஆபத்து அதிகம். தங்கள் கைவலிமையை நம்பி இறங்குகிறார்கள். நீரோட்டம் இழுக்கும்போது அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகிறார்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையிலிருந்து வெளியேறியபிறகே கரைக்குத் திரும்பவேண்டும். களப்பு முகத்துவாரங்களில் இறங்கவே கூடாது. சிவப்புக் கொடி பறக்கும் நாளில் மணலோடு நின்றுவிடவேண்டும்.

வன்னிக் குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி இந்தக் கரை முழுவதும் ஆழிப்பேரலை ஏறியது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய கடற்கரையில் இலட்சக்கணக்கானோர் நெருக்கப்பட்டுக் கிடந்தார்கள். ஹயஸில் கூட ஏறும் அம்மம்மாவுக்கு அலைச்சத்தம் எதை எழுப்பும் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அறை எடுக்கும்போதே அவரைக் கேட்கவேண்டும்: கடல் தெரியும் அறையா, தோட்டத்துப் பக்கமா? மணலுக்கு வர மனமிருக்கிறதா? வராவிட்டால் அவரோடு விறாந்தையில் இருப்பதற்கு ஒருவர் முறைவைத்து நிற்பதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஐந்தாம் நாள் காலை உப்புவெளிக் கரையில் வாங்கிய மீன் ஐஸ்பெட்டியில் ஏறினால் மத்தியானச் சமையல் நெடுங்கேணியில். செப்டெம்பர் கடைசிவரை இந்தக் கடல் இப்படியே கிடக்கும். ஒக்டோபரில் காற்றுத் திரும்பும்போது நிலாவெளிச் சுற்றுலாப் படகுகள் மணலுக்கு மேலே இழுத்து வைக்கப்படும். அதே கிழமைகளில் நெடுங்கேணி வயல்களில் காலபோக விதைப்புத் தொடங்கும்.