தலைக்கணக்கும் மருந்தும்

2009 பெப்ரவரி 10ஆம் திகதி, வன்னிப் போரில் காயப்பட்டவர்களைப் புதுமாத்தளனிலிருந்து ஏற்றிக்கொண்டு சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. மே மாதம் 9ஆம் திகதி வரை, துணைக்கு வந்த உறவினர்களோடு சேர்த்து 13,000க்கும் மேற்பட்டோர் இப்படிக் கடலால் வந்தார்கள். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஆஸ்பத்திரி போட்ட பிறகு கப்பல் அங்கே போனது.

ஆட்கள் வந்த வழியால் மருந்து போயிருக்கலாமே? போனது, மிகக் கொஞ்சம். போர்ப் பகுதிக்குள் இருப்பவர்கள் 70,000 பேர்தான் என்றது கொழும்பு. வன்னியில் நின்ற அரச அதிகாரிகளோ மூன்று லட்சத்துக்கும் மேல் என்றார்கள். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே இரண்டரை லட்சத்துக்கு மேல். மருந்தை ஒதுக்குவது தலைக்கணக்கில். தலை குறைந்தால் சேலைன் போத்தலும் குறையும். சத்திரசிகிச்சைப் பொருட்கள் குறிப்பாக மறுக்கப்பட்டன என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது.

2022இல் எண்ணப்பட்டது தலை அல்ல, டொலர். மருந்தில் எண்பது வீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் இலங்கை, ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச் கடைசியில், பேராதனை ஆஸ்பத்திரி திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியிருந்தது. இல்லாமற்போன மருந்துகளில் ஒன்று நியோஸ்டிக்மின். மயக்கத்தின்போது தளர்த்திய தசைகளை மீட்கும் மலிவான ஊசி.

மே மாதம் தமிழ்நாடு அரிசியோடும் பால்மாவோடும் 137 வகை மருந்து தருவதாக அறிவித்து, சென்னையிலிருந்து கப்பல் அனுப்பியது. பெரிய கப்பல் பாக்குநீரிணையால் போகாது. கிழக்குக் கரையைச் சுற்றித்தான் கொழும்புக்குப் போகவேண்டும். உலகின் அருமையான இயற்கைத் துறைமுகம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் பெருமையோடு படித்த இடத்துக்கு வெளியால் தாண்டிப் போய், கொழும்பில் இறங்கி, களஞ்சியப் பதிவு முடிந்து, ஹபரணை, கந்தளாய் கடந்து லொறியில் திரும்பி வருவதே திருகோணமலைக்குரிய மருந்தின் பயணம்.

அதற்காகக் கொழும்பு மொத்தமாக வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். 1971இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் சேனக பிபிலே, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் உலகக் கேள்விப்பத்திரம் கோரினார், விலை இறங்கியது. வாங்குவது கொழும்பிலேயே நடக்கட்டும். கணக்கு மட்டும் அங்கே பூட்டிக் கிடக்க வேண்டாம்.

சுகாதார அமைச்சு ஒன்று செய்யலாம். மாவட்டக் களஞ்சியத்தில் எந்த மருந்து இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று மாதாமாதம் மூன்று மொழியிலும் எழுதி, திருகோணமலை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டுங்கள். கிளினிக் வரிசையில் நிற்பவர்கள் வாசிக்கட்டும்.