துணை இழந்த பின் – 6: இரவல் கோடி

நான்காம் நூற்றாண்டின் ரோமாபுரியில் கணவனை இழந்த பெண் எத்தனை நாள் துக்கம் காக்க வேண்டும் என்பதைச் சட்டமே அளந்து கொடுத்தது. பழைய கணக்கு பத்து மாதம். 381இல் பேரரசர் தியோடோசியஸ் அதை ஓராண்டாக்கினார். அதற்குள் மறுமணம் செய்துகொண்டால் இழிவும் சொத்திழப்பும் நேரும். துக்ககாலம் முடிந்ததும் நெருக்கடி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். கி.பி. 9இல் அகஸ்டஸ் காலத்தில் வந்த சட்டத்தின்படி, ஐம்பது வயதுக்கு உட்பட்ட கைம்பெண் இரண்டாண்டுக்குள் மறுபடி மணக்காவிட்டால், நெருங்கிய உறவல்லாதவர்கள் எழுதிவைக்கும் சொத்தைப் பெற முடியாது. கான்ஸ்டன்டைன் 320இல் இந்தத் தண்டனையை எடுத்துவிட்டார். சட்டம் போயிற்று, சம்பந்தம் பேசிக்கொண்டு வருகிற உறவினர்கள் போகவில்லை.

அவென்டைன் குன்றில் வாழ்ந்த மார்செல்லாவுக்கு மணமாகி ஏழே மாதத்தில் கணவர் இறந்தார். ரோமின் உயர் ஆட்சியாளர்களான கான்சல்கள் வரிசையில் பெயர்பெற்ற செரியாலிஸ் பெண் கேட்டு வந்தார். முதியவர். தம் செல்வம் முழுவதையும், மனைவிக்குக் கொடுப்பதாக அல்லாமல் மகளுக்குக் கொடுப்பதுபோல் எழுதித் தருவதாகச் சொன்னார். தாய் அல்பினாவுக்கு இதில் ஆசை இருந்தது. திருமணம் வேண்டுமானால் கணவரைத்தான் தேடுவேன், பரம்பரைச் சொத்தை அல்ல என்று மார்செல்லா மறுத்துவிட்டார்.

இச்செய்திகளைத் தருபவை ஜெரோமின் கடிதங்கள். விவிலியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த அந்த அறிஞர் மார்செல்லாவைப் போன்ற ரோமப் பெண்களின் ஆசான். அவர்களுள் ஒருவரின் பணத்தில் வாழ்ந்தவரும்கூட. ஆகவே புகழ்மொழியில் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிப்பது நல்லது.

மார்செல்லாவின் அன்றாடம் சுருங்கியது. குளிரைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஆடை, அளவான நோன்பு, வயிற்றுக்கோளாறுக்காகச் சிறிது திராட்சை மது. கையில் முத்திரை மோதிரம்கூடக் கிடையாது. ரோமர்கள் கடிதத்துக்கும் பெட்டிக்கும் முத்திரை வைத்தது அந்த மோதிரத்தால்தான். அதைக் கழற்றியவர் வீட்டின் அதிகாரத்திலிருந்தே ஒரு கையை எடுத்துக்கொண்டவர் ஆகிறார். ஆனால் அவருடைய நகைகள் ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆண் வாரிசு இல்லாத அல்பினா, தன் சகோதரரின் பிள்ளைகளுக்கே எல்லாம் போக வேண்டும் என்றார். அம்மாவின் மனம் நோகக் கூடாதென்று, ஏற்கெனவே பணக்காரர்களாக இருந்த அவர்களுக்கே அட்டிகைகளைக் கொடுத்தார் மார்செல்லா. உறவுக்காரர்களைத் தாண்டி ஒரு நகை வெளியே போவது அன்றும் எளிதாக இல்லை.

கோயிலுக்குப் போவதிலும் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அப்போஸ்தலர்கள், இரத்தசாட்சிகளின் ஆலயங்களில் கூட்டத்தைத் தவிர்த்துத் தனியே ஜெபிப்பார். அதற்குக் காரணம், பணக்காரக் கைம்பெண்களைச் சுற்றி நடந்தவையாக இருக்கலாம். கைம்பெண் என்ற சொல் திருச்சபையில் இரண்டு வகைப் பெண்களைக் குறித்தது. ஏழைக் கைம்பெண்கள் சபையின் பட்டியலில் இருந்து உதவி பெற்றவர்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் அந்தப் பட்டியலுக்கு அறுபது வயதை வரம்பாக்கியிருந்தது. 251 அளவிலேயே ரோமச் சபை 1,500க்கு மேற்பட்ட கைம்பெண்களையும் ஆதரவற்றோரையும் பராமரித்ததாக அதன் ஆயர் கொர்னேலியுஸ் எழுதியிருக்கிறார். பணக்காரக் கைம்பெண்கள் சபைக்குக் கொடுப்பவர்கள். அவர்களைச் சுற்றிக் குருக்களின் கூட்டம் இருந்தது. 370இல் பேரரசர் வாலன்டினியன் போட்ட ஆணை, கைம்பெண்களின் வீடுகளுக்குக் குருக்கள் போவதையும் அவர்களிடமிருந்து உயில்வழிச் சொத்துப் பெறுவதையும் தடுத்தது. அது ரோமின் ஆலயங்களிலேயே வாசிக்கப்பட்டது. சட்டம் வந்ததற்காக அல்ல, அதற்கு நாம் தகுதியானதற்காகவே வருந்துகிறேன் என்ற பொருளில் ஜெரோம் பின்னாளில் எழுதினார். 384இல் எழுதிய கடிதத்தில் இன்னொரு காட்சியும் உண்டு: புனித பேதுரு ஆலயத்தில் பரிவாரம் சூழத் தன் கையாலேயே காசு வழங்கிய சீமாட்டி, இரண்டாவது காசுக்காக மறுபடி வரிசையில் வந்த கிழவியைக் குத்தி ரத்தம் வரவழைத்தாள்.

நடுத்தர வீட்டுக் கைம்பெண்ணின் வழிபாடு எப்படி இருந்தது என்பதற்கு திருச்சபை அறிஞர் அகஸ்டினின் தாய் மோனிக்கா சான்று. வட ஆப்பிரிக்காவின் தகஸ்தே ஊரைச் சேர்ந்தவர்; காலையும் மாலையும் தவறாமல் கோயிலுக்குப் போனவர். இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூடையில் கூழும் அப்பமும் திராட்சை மதுவும் கொண்டுபோய்ப் படைப்பது அவர் ஊர்ப் பழக்கம். மிலான் நகரில் கோயில் வாயிற்காவலர் தடுத்தார்: முன்னோர்க்கான பழைய படையலைப் போல இருப்பதாலும் குடிக்கு இடமாவதாலும் ஆயர் அம்புரோஸ் விலக்கியிருந்தார். மோனிக்கா வாதாடாமல் கூடையை விட்டார். இருப்பதை ஏழைகளுக்குக் கொடுத்தார். கணவருக்குப் பக்கத்தில் தனக்கென ஏற்பாடு செய்துவைத்திருந்த கல்லறை இடத்தை மட்டும் நெடுநாள் விடவில்லை. 387இல் ஓஸ்தியாவில் சாகும் தறுவாயில், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள் என்று அதையும் விட்டார்.

கான்ஸ்டான்டினோபிளில் கைம்பெண்ணான ஒலிம்பியாஸின் கதை வேறு. தியோடோசியஸின் உறவினரை மணக்க மறுத்ததால், முப்பது வயதாகும்வரை ஒலிம்பியாஸின் சொத்தை அரசே நிர்வகிக்கும் என்று பேரரசர் ஆணையிட்டார். பின்னர் திரும்பக் கிடைத்ததை அவர் வாரி வழங்கினார். கேட்பவர்க்கெல்லாம் கொடுக்காமல் அளந்து கொடுக்கும்படி ஆயர் கிறிசோஸ்தோமே சொல்ல வேண்டியிருந்தது.

ஜெரோமைத் தம் பணத்தால் தாங்கிய ரோமக் கைம்பெண் பவுலாவிடம் அந்த அளவு செல்லுபடியாகவில்லை. கணவர் தொக்சோசியுஸ் இறந்தபோது அவருக்கு முப்பத்திரண்டு வயதையொட்டி இருக்கும், ஐந்து பிள்ளைகள். மூத்த மகள் பிளேசில்லாவும் இளம் கைம்பெண்ணாகி 384இல் இறந்துபோனாள். மறு ஆண்டு பவுலா தம் உடைமைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். துறைமுகத்தில் சிறுவனான மகன் கை நீட்டினான். மகள் ருஃபினா, தன் திருமணம்வரை இருக்கும்படி கெஞ்சினாள். பவுலா திரும்பவில்லை. ஜெரோம் இதை வீரமாக எழுதுகிறார். படிப்பவருக்கு ருஃபினாவின் பக்கமே மனம் சாய்கிறது.

கூட வந்த மகள் யூஸ்டோகியத்துடன் பெத்லகேமில் பவுலா ஆண்களுக்கும் பெண்களுக்கும் மடங்களும் பயணிகளுக்கு ஒரு சத்திரமும் கட்டினார். பெண்கள் நாளுக்கு ஆறு வேளை சங்கீதம் பாடினர்; பவுலா எபிரேயம் கற்று அம்மொழியிலேயே பாடினார். கைப்பணம் தீர்ந்தபின் வட்டிக்கு வாங்கித் தர்மம் செய்தார். ஜெரோம் கண்டித்தபோது, பிச்சைக்காரியாகச் சாக வேண்டும், மகளுக்கு ஒரு காசும் விடக் கூடாது, பிணத்துக்குப் போர்த்தும் கோடியும் இரவலாக இருக்க வேண்டும் என்பதே தன் ஆசை என்றார். 404 ஜனவரி 26 அன்று இறந்தார். யூஸ்டோகியத்துக்குக் கிடைத்தவை பெருங்கடனும், சோறு போட வேண்டிய மடத்துக் கூட்டமும். அந்த மடத்தை இன்னும் பதினான்கு ஆண்டுகளுக்குமேல் அவரே நடத்தினார்.